முதல் தடவை வரும் தோழி: வீட்டில் தங்கவைப்பதா, ரூம் போடுவதா, ஏற்காட்டில் சந்திப்பதா?

நான்கு வருடமாக மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே பழகிய, மலேசியாவின் ஈப்போ நகரத்துத் தோழி, போன மே மாதம் சேலம் வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்த ஐந்து நாளில் வீடு, ரூம், ஏற்காடு மூன்றையும் பார்த்துவிட்டோம். எது சரி என்று எனக்கு இப்போது ஒரு தீர்மானம் இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் உண்டு. அங்கிருந்து நாமக்கல் வழியாகச் சேலத்துக்கு மூன்று மணி நேரம்போல ஆகும். "மொத தடவையே பெட்டியோட வீட்டுக்குள்ள வந்து இறங்குறது நல்லாருக்காதுக்கா" என்று புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் போட்டிருந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றால், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் தர்றதில்லீங்க" என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். சின்ன லாட்ஜுகள் பல அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. ஆகவே ரூம் போடுகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். வீட்டில் தங்கவைத்தாலும் இதே படிவம் உண்டு, பாஸ்போர்ட், விசா விவரங்களோடு நாமே பதிய வேண்டும். பலருக்கு இது தெரியாது.

அப்படித்தான் பெட்டியோடு அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அம்மா "வா கண்ணு" என்று கையைப் பிடித்தவர், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

வீட்டில் தங்கினால் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். விடியற்காலை ஐந்து மணிக்குக் குழித்தறியில் உட்கார்ந்துவிடுவார். தறியில் நாடா ஓடுகிற சத்தத்தில் கண் விழித்த தோழி, பாய் விரித்துத் தறிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அறுந்த பாவு இழையை எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி முடிந்து, அவளுக்குத் தெரியும்படி கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். காலையில் அவள் அம்மாவிடம் "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அந்தச் சொல்தான். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் வீட்டில் ஏழு பேர், குளியலறை ஒன்று. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன தோழி, அங்கே கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் அம்மா காலை மடக்கிப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பேத்திகளோடு படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் அம்மா. தோழி அதற்கப்புறம் தூங்கவில்லை. நம் வீடுகளில் விருந்தாளிக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் அம்மாதான், அதைச் சொல்லவும் மாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் தடவை ராத்திரித் தங்கல் வேண்டாம் என்கிறேன்.

மறுநாள் ஜங்ஷன் பக்கம் ரூம் மாறினாள். நல்ல ஓட்டல், படிவத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அம்மா முகம் வாடித்தான் போனது. அதை அவளே நேரில் பேசிச் சரிசெய்தாள்: "நீங்க கட்டில்ல படுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்மா. பசியாற இங்கதான் வருவேன்." சொன்னபடி காலை எட்டு மணிக்கு வந்துவிடுவாள், சாயங்காலம் அண்ணன் பிள்ளைகளோடு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். ரூம் போட்டதைத் தூது விட்டுச் சொல்லாதீர்கள், வீட்டுப் பெரியவரிடம் நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் இந்த ஏற்பாட்டில் குறை எதுவும் இல்லை. வாடகைச் செலவு ஒன்றுதான்.

"முதல்ல ஏற்காட்டுல பொதுவா சந்திக்கலாமே" என்று அண்ணன் ஆரம்பத்தில் சொன்னான். முன்பின் தெரியாதவர்களுக்கு அது பாதுகாப்பான யோசனைதான், தனியாக வருகிற பெண்கள் தயங்காமல் அப்படிக் கேட்கலாம். வீடியோவில் குடும்பத்தையே பார்த்துப் பேசியவர்களுக்கு அது வீண். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் போட்டோ என்று பொழுது ஓடிவிடும், குடும்பம் பிடிபடாது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் இன்னும் மோசம்.

ஆனால் நாலாவது நாள் எல்லோரும் சேர்ந்து போனது வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவையும் பிள்ளைகள் பலகை பார்த்து எண்ணிக்கொண்டே வந்தார்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் வந்ததும், மூன்று நாளாக வாய் திறக்காத அப்பா, சின்ன வயதில் அவர் அப்பாவோடு மே மாதத் திருவிழாவுக்கு இங்கே வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இறங்கும்வரை நிறுத்தவில்லை. அவள் விசா விண்ணப்பத்தில் இந்தியாவில் தெரிந்தவர் என்று அவர் பெயரைத்தான் போட்டிருந்தாள். அதையும் அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னாள்.

ஆகவே ராத்திரிக்கு ரூம், பகலுக்கு வீடு, மூன்று நாளாவது பழகிய பிறகு ஏற்காடு. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஏற்காட்டை விட்டுவிட்டு வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் வீட்டிலேயே தங்கலாம், அதற்குள் யார் எங்கே படுப்பது என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் உரிமை வந்திருக்கும்.

கொண்டுவருவதும் கொடுத்தனுப்புவதும் பெரிதாக வேண்டாம். அவள் ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலம் கொண்டுவந்தாள், நாங்கள் ஏற்காட்டுக் காப்பித்தூளும் ஜவ்வரிசி வடகமும் கட்டிக் கொடுத்தோம். மல்கோவா கொடுக்க அம்மாவுக்கு ஆசை. மலேசியாவுக்குப் பழம் கொண்டுபோக இறக்குமதி அனுமதி வேண்டும் என்று அவள் சொன்னதால், கிளம்புகிற அன்று காலை நாலு பழத்தை நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, அவள் தின்று முடிக்கும்வரை அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.