சிறைவாசலுக்குப் பின்: பெருங்குடும்பமா, ஒற்றை அறையா?

கலிஃபோர்னியாவில் தண்டனை முடிந்து வெளியே வருபவர் கையில் அரசு தருவது அதிகபட்சம் 200 டாலர். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அது ஒரு மாத வாடகைக்கும் போதாது. அங்கே அவருக்குத் திறந்திருக்கும் இரு வழிகள் தன்மையில் முற்றிலும் வேறுபட்டவை.

1971இல் தொடங்கிய, சிறையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக வாழும் டெலன்சி தெரு அறக்கட்டளையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டும். வாடகை இல்லை, சம்பளம் வாங்கும் ஊழியர்களும் இல்லை. முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குக் கற்றுக்கொடுக்க, வீடு மாற்றும் லாரிகளைக் குடியிருப்பவர்களே நடத்துகிறார்கள். கடலோரத்தில் அவர்கள் வசிக்கும் கட்டடமே, அதற்குமுன் கட்டுமான வேலை அறியாத பலர் தங்கள் கையால் எழுப்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஓக்லாந்து உள்ளிட்ட அலமீடா மாவட்டத்தில் 2018இல் தொடங்கிய 'ஹோம்கமிங்' திட்டம், வீட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, நீண்டகாலம் சிறையில் இருந்தவரை ஆறு மாதம் அவர் வீட்டு அறையொன்றில் குடியமர்த்துகிறது. இருவரின் பழக்கவழக்கங்களும் ஒத்துப்போகுமா என்று முன்பே பார்க்கிறார்கள். தன் கதவுக்குத் தானே சாவி வைத்திருப்பதும், சமையலறையில் இன்னொருவரோடு காபி குடிப்பதும், பல ஆண்டுகள் பிறர் பூட்டிய அறையில் கிடந்தவருக்குச் சிறிய விஷயமல்ல.

போதைப் பழக்கத்தோடும் தொழில் தெரியாமலும் வருபவருக்கு டெலன்சியின் கண்டிப்பே ஏற்றது. கட்டுப்பாட்டிலேயே வயதானவரை மீண்டும் விதிகள் நிறைந்த இடத்துக்கு அனுப்புவதைவிட, அந்த ஒற்றை அறையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள் நிலையான வேலை தேடியாக வேண்டும்.