கணுக்கால் மடங்குனதுக்கு அப்புறம் எந்த கிளாஸ்: ஜும்பாவா, யோகாவா, பாக்ஸிங்கா?

கால் மடங்கி வீங்கி, ரெஸ்ட் எடுத்து முடிச்சு, திரும்ப கிளாஸ் போலாம்னு கிளம்புறவங்க நம்ம பக்கம் ஜும்பா, யோகா ரெண்டத்தான் யோசிக்கிறாங்க, ஆனா வடசென்னைல இருந்துக்கிட்டு பாக்ஸிங்க விட்டுட்டு பேசுனா எப்படி? என் ஓட்டே அதுக்குத்தான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, அடிபட்டப்ப நாலு அடி கூட நடக்க முடியலன்னாலோ கணுக்கால் எலும்ப அமுக்குனா உயிர் போகுதுன்னாலோ கிளாஸ் பேச்சே வேணாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துல எங்கயாவதோ போய் எக்ஸ்ரே எடுத்துருங்க. அது இல்லன்னா அடிபட்ட கால்ல மட்டும் நின்னு குதிகால தூக்கிப் பாருங்க, நல்ல கால் எத்தன தடவ தூக்குதோ கிட்டத்தட்ட அத்தன வரணும். வரலன்னா இன்னும் கொஞ்ச நாள் வீட்ல செவுத்த புடிச்சிட்டு பழகுங்க.

ஜும்பா ஜாலிதான், ஆனா நமக்கு வலிக்குதுன்னு பாட்டு நிக்காது. பக்கவாட்டுல தாவுறது, டக்குனு திரும்புறதுன்னு எல்லாமே இந்த காலுக்கு ஆகாத வேல, அதுலயும் கிரிப் ஜாஸ்தி இருக்குற ரன்னிங் ஷூன்னா ஒடம்பு திரும்பும் பாதம் திரும்பாது. இத கடைசிக்கு வெச்சுக்கோங்க.

யோகா சேஃப்புனு சொல்றது பாதி உண்மை. வஜ்ராசனத்துல பாதம் நீட்டி மடிஞ்சு, அடிபட்டப்ப இழுபட்ட அதே வெளிப்பக்க தசைநார் திரும்ப இழுபடும். "மாஸ்டர், நான் சேர்ல உக்காந்துக்கறேன்"னு சொல்லிருங்க. ஒத்தக்கால் விருக்ஷாசனம் மட்டும் செவுரு ஓரமா பண்ணுங்க, பேலன்ஸ் திரும்ப வர அது நல்லாவே உதவும்.

பாக்ஸிங்ல என்ன வசதின்னா தொங்குற பேக்க குத்துறது நம்ம வேகத்துல தான், பெரும்பாலும் 3 நிமிஷ ரவுண்டு, 1 நிமிஷ ரெஸ்ட், அந்த கேப்ல கால் எப்படி இருக்குன்னு பாத்துக்கலாம். ஸ்கிப்பிங், ஆளோட ஆள் மோதிப் பழகுற ஸ்பாரிங் ரெண்டும் இப்போதைக்கு கட், மொதல் நாளே கோச் கிட்ட சொல்லிருங்க. வலது கைக்காரங்களுக்கு இடது கால் முன்னாடி நிக்கும், வலது குத்து விடும்போது பின்னாடி இருக்குற வலது பாதம் தான் முன்பாதத்துல சுழலும், அதனால அடிபட்டது வலது கால்னா அந்த குத்த விட்டுட்டு இடது கையால நேரா விடுற ஜாப் மட்டும் போடுங்க. கெத்துக்கு எல்லாத்தையும் போடணும்னு ஒண்ணும் இல்ல.

எந்த கிளாஸா இருந்தாலும் லேசா வலிச்சு ராத்திரிக்குள்ள அடங்குனா ஓகே, மறுநாள் காலைல எழுந்ததும் நொண்டுறீங்கன்னா அடுத்த கிளாஸ்ல பாதி நேரத்தோட நிறுத்திட்டு வந்துருங்க, அப்பவும் கேக்கலன்னா பிசியோவ பாருங்க.