சுங்கை சிப்புட் மாடி பாக்சிங் கூடம்: 147 பவுண்டில் இறங்க நினைப்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தக் கூடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. படியேறும்போதே பையில் குத்து விழும் சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம். உடம்பு இளைக்க வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த மதிப்புரை அவர்களுக்கு இல்லை. வெல்ட்டர்வெயிட் எடைப்பிரிவில் தொழில்முறையாக இறங்க நினைக்கும் தோட்டத்துப் பையன்களுக்கும், அவர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் எழுதியது.

முதலில் எடை. பயிற்சியாளரான மாஸ்டர் எடையைக் கையாளும் விதம் ஒன்றுக்காகவே இங்கே சேரலாம். வெல்ட்டர்வெயிட் எல்லை 147 பவுண்டு, அதாவது 66.68 கிலோ. தராசில் ஏறி நிற்கும் ஒரு நிமிடத்துக்கான கணக்கு அது. வருடம் முழுவதும் அந்த எடையில் இருக்க முயல்பவன் பலவீனமாகிறான். வருடம் முழுவதும் 80 கிலோவில் இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் இறக்குபவன் ரிங்கில் கால் இழுபட்டு நிற்கிறான். இங்கே சேர்ந்த அன்றே ஒரு நோட்டு தருகிறார்கள். தினமும் காலையில், வெறும் வயிற்றில், கழிவறை போய்வந்த பிறகு எடை பார்த்து அதில் எழுத வேண்டும். சண்டை இல்லாத மாதங்களில் 72, 73 கிலோவைத் தாண்டினால் மாஸ்டர் ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையை, நிறுத்திவிடுவார். உலகப் பட்டச் சண்டைகளுக்கு டபிள்யூ.பி.சி. என்ற உலக பாக்சிங் அமைப்பு வைத்திருக்கும் விதி இது: 30 நாளுக்கு முன் எல்லையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, 7 நாளுக்கு முன் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. வெல்ட்டர்வெயிட்டில் அது சுமார் 73.3 கிலோவும் 70 கிலோவும் ஆகிறது. நான்கு ரவுண்டு ஆடும் புதுப் பையனுக்கும் அதையே அளவுகோலாக வைத்திருப்பது நல்ல வேலை.

இறக்குவது எட்டு வாரத் திட்டம். வாரத்துக்கு அரைக் கிலோ. 72இல் தொடங்குபவன் கடைசி வாரத்துக்குள் 68.5க்கு வந்துவிடுவான். மீதியை உப்பையும் மாவுச்சத்தையும் குறைத்து, கடைசி ஒன்றரை நாளில் தண்ணீரையும் அளந்து குடித்து இறக்குகிறார்கள். சோற்றை நிறுத்தச் சொல்வதில்லை. தட்டில் பாதிக்குக் காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ. செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பையன்களுக்குத்தான் இது சிரமம். நடு இரவில் ரொட்டி சானாய், ஷிப்டு முடிந்ததும் தே தாரிக் என்று ஓடும் பழக்கத்தில் அந்தத் தேநீரின் கெட்டிப்பால் ஒன்றே வாரக் கணக்கைக் குலைத்துவிடும். மாஸ்டர் அவர்களுக்குத் தனி நேர அட்டவணை எழுதித் தருகிறார்.

பிளாஸ்டிக் சூட்டுக்கு இங்கே தடை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மூன்று மணி வெயிலில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவதை இன்னும் சில இடங்களில் வீரம் என்று நினைக்கிறார்கள். போவது கொழுப்பு அல்ல, தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆறாது, உடல் சூடு மட்டும் ஏறும். அப்படி வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது உயிரோடு விளையாடுவது. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் இந்தக் கூடமும் அனல்தான். பெரிய விசிறி இரண்டு இருந்தும் ஒரு பயிற்சியில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்குவது சாதாரணம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், கொஞ்சம் உப்பு சேர்த்து, சில மணி நேரத்தில் குடித்து முடிக்கச் சொல்கிறார்கள்.

கை கட்டுவதில் கண்டிப்பு அதிகம். நாலரை மீட்டர் நீளமுள்ள, கொஞ்சம் இழுபடும் துணி வேண்டும். மூன்று மீட்டர் துணி வெல்ட்டர்வெயிட் கைக்குப் போதாது. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டியில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் மூன்று குறுக்கு, கட்டைவிரலைப் பூட்டி, மறுபடி முட்டி, மிச்சமெல்லாம் மணிக்கட்டுக்கு. விரலை விரித்து வைத்துத்தான் சுற்ற வேண்டும். மூடிக்கொண்டு சுற்றினால் விரலை விரிக்கும்போது துணி தளர்ந்துவிடும், விரித்த கையிலும் அளவுக்கு மீறி இறுக்கி இழுத்தால் முஷ்டி மடக்கும்போது விரல் மரத்துப்போகும். புதியவர்கள் முட்டிக்கே துணியைத் தீர்த்துவிட்டு மணிக்கட்டை ஏமாற்றுகிறார்கள். பக்கவாட்டுக் குத்தான ஹூக் தவறிப் படும்போது மடங்குவது மணிக்கட்டுதான். கைக்கட்டுக்குள் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்கு 2009 ஜனவரியை மாஸ்டர் நினைவூட்டுவார். ஷேன் மோஸ்லியுடனான வெல்ட்டர்வெயிட் பட்டச் சண்டைக்கு முன், அப்போதைய சாம்பியன் அன்டோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டுக்குள் கெட்டியான பட்டை பிடிபட்டு, கலிபோர்னியாவில் அவருடைய உரிமமே பறிபோனது.

சண்டையில் 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் கையுறை, அதற்கு மேல் 10 அவுன்ஸ் என்பது வழக்கம். பயிற்சியில் பைக்கு 12 அல்லது 14, ஸ்பாரிங்குக்கு 16. கூடத்துப் பொதுக் கையுறைகள் மோசம். பஞ்சு முட்டிப் பக்கம் அமுங்கிப்போயிருக்கிறது, உள்ளே எப்போதும் ஈரம். சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் வாயை விரித்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். மோட்டார் கூடைக்குள் அடைத்து வைத்தால் ஒரே மாதத்தில் நாறும்.

தொங்கும் பைகள் நான்கு. கதவோரம் இருக்கும் இரண்டும் துணி அடைத்தவை, அடைப்பு இறங்கி அடிப்பாகம் கல்லாகிவிட்டது. அவற்றில் உடம்புக் குத்து பழகினால் விரல் முட்டி போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறக்கி, துணியை எடுத்து, கீழிருந்து மேலாகச் சமமாக அடைக்க வேண்டும். இதைக் கூடம் செய்வதில்லை. ஜன்னலோரத்து 45 கிலோ தோல் பை நன்றாக இருக்கிறது, அதற்குத்தான் வரிசை.

ரிங் 14 அடி. தொழில்முறை ரிங் கயிற்றுக்குள் 16 அடியிலிருந்து தொடங்குகிறது, பெரிய சண்டைகளில் 20, 22 அடி. நெருங்கி நின்று அடிப்பவனுக்கு இந்தச் சின்ன ரிங் சௌகரியம். தள்ளி நின்று ஜேப்பில், அதாவது முன்கை நேர்க்குத்தில், ஆடுபவன் இரண்டு அடி பின்வைத்தால் முதுகில் கயிறு. இந்தக் குறையை மாஸ்டரும் அறிவார். சனிக்கிழமை காலைகளில் பக்கத்துப் பாடாங் திடலில் சுண்ணாம்பால் 20 அடிச் சதுரம் போட்டுக் கால்வேலை சொல்லித் தருகிறார், கட்டாயம் போங்கள். சிலம்பம் ஆடிய பையன்களுக்கு அங்கே கால் வேகம் அழகாகத் தெரியும். ஆனால் முழு வட்டம் சுழலும் பழக்கம் அவர்களை விட்டுப் போக மாதங்கள் ஆகும். ரிங்கில் முதுகு காட்டினால் நடுவர் நிறுத்துவார், இல்லையென்றால் எதிராளி காது மேல் போடுவான்.

ஸ்பாரிங் வாரத்துக்கு இரண்டு நாள், முதல் மூன்று மாதம் கிடையவே கிடையாது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது என்று ஒவ்வொரு புதியவருக்கும் சொல்கிறார்கள். தலையில் பட்டு விழுந்தவனுக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் இல்லை, டாக்டர் கடிதம் இல்லாமல் திரும்ப முடியாது. இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் கூடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஐஸும் வைக்காதது பெரிய குறை.

சுவரில் 2018 ஜூலை 15, புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரேனாவில் பிலிப்பைன்ஸின் பக்கியாவுக்கும் அர்ஜென்டினாவின் மத்தீசேவுக்கும் நடந்த சண்டையின் சுவரொட்டி. நம் நாட்டு மண்ணில் நடந்த வெல்ட்டர்வெயிட் உலகப் பட்டச் சண்டை. இடக்கைக்காரரான பக்கியாவ் 39 வயதில் மத்தீசேவை மூன்று முறை கீழே தள்ளி, ஏழாவது ரவுண்டில் முடித்தார். அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் போட்டு, இடக்கைக்காரனின் முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளியே விழும்போது இடது கைக்கு வழி எப்படித் திறக்கிறது என்று காட்டும் வகுப்பு, இங்கே கிடைக்கும் பாடங்களில் மிகச் சிறந்தது.

காசு விஷயம் வெளிப்படை. மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்), மாணவர்களுக்கு 50. சண்டைப் பணத்தில் பயிற்சியாளருக்கு 10 விழுக்காடு, உலகம் முழுவதும் உள்ள வழக்கம் அதுதான். மேனேஜர் ஒப்பந்தம் எதிலும் மாஸ்டர் கையெழுத்து வாங்குவதில்லை. வெளியாள் யாராவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டாலோ, ஐந்து வருடம் கட்டிப்போடப் பார்த்தாலோ, கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை வக்கீலிடம் காட்டுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை இரண்டையும் ஈப்போவில் முடித்துக்கொள்ளலாம். முடிவுத் தாள்களைப் பிரதி எடுத்து வையுங்கள், ஒவ்வொரு சண்டைக்கும் கேட்பார்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30க்குத் தொடங்கும். ஆறு மணிக்கே போனால் ஜன்னலோரத்துப் பை கிடைக்கும். கைத்துணி இரண்டு ஜோடி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள். பல்கவசம் இல்லாமல் ரிங்குக்குள் விடமாட்டார்கள்.