மஞ்சள்தூள் எந்த அடுக்கில் இருக்கிறது? நான்கு நாட்டுக் கடைகளில் அயல்நாட்டு உணவு

பிரிட்டனில் ஓரளவு பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் மஞ்சள்தூளைத் தேடினால், அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். வாசனைப் பொருள்கள் வரிசையில் நாற்பது ஐம்பது கிராம் கொள்ளும் கண்ணாடிப் புட்டியில் ஒன்று. சில வரிசைகள் தள்ளி, ‘உலக உணவுகள்’ என்று பலகை தொங்கும் பகுதியில், நூறு கிராமோ நானூறு கிராமோ கொண்ட பிளாஸ்டிக் பையில் இன்னொன்று. பொருள் ஒன்றுதான், கிராம் கணக்கில் பார்த்தால் புட்டியின் விலை பையின் விலையைப்போலப் பல மடங்கு. எப்போதாவது ஒரு நாள் கறி சமைப்பவருக்காகப் புட்டி, நாள்தோறும் மஞ்சள் செலவாகும் வீட்டுக்காகப் பை என்று ஒரே கடை இருவரை எதிர்பார்த்து நிற்கிறது.

அயல்நாட்டு உணவு சாதாரணக் கடையில் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டால், வசதி படைத்த நாடுகள் எல்லாம் ‘ஆம்’ என்றே சொல்லிவிடும். சோயா சாஸும் தேங்காய்ப்பாலும் இன்று எங்கும் உண்டு. எந்த அளவுப் பொட்டலத்தில், எந்த அடுக்கில், ஆண்டு முழுவதுமா அல்லது சில நாள் மட்டுமா என்று கேட்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. பிரிட்டன், ஜெர்மனி, நார்வே, ஜப்பான் ஆகிய நான்கையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: வந்து குடியேறியவர்களின் தொகையைக் காட்டிலும், உள்ளூர்க்காரரின் சமையலறைப் பழக்கமும் கடை சரக்கு எடுக்கும் முறையுமே அந்த அடுக்கைத் தீர்மானிக்கின்றன.

நான்கில் பிரிட்டனையே முதலில் வைப்பேன். அங்கே இந்திய உணவு பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்தது, குடியேறியவர்கள் வாங்குவோராக மட்டும் இருந்துவிடாமல் உற்பத்தியாளர்களாகவும் ஆனதால்தான். 1956இல் கென்யாவிலிருந்து வந்த லட்சுமிசங்கர் பதக் லண்டன் வீட்டுச் சமையலறையில் இனிப்பும் சமோசாவும் செய்து விற்கத் தொடங்கினார். அந்தத் தொழில் ‘பட்டாக்ஸ்’ என்ற பெயரில் ஊறுகாய்க்கும் கறிக்கூழுக்கும் நாடறிந்த நிறுவனமாக வளர்ந்து, 2007இல் ஒரு பெரும் பிரிட்டிஷ் உணவுக் குழுமத்தின் கைக்குப் போனது. உகாண்டாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நடத்திய ‘டில்டா’ என்ற நிறுவனம் பாஸ்மதி அரிசியை வீடுதோறும் அறிந்த பெயராக்கியது. இவர்கள் வெள்ளைக்கார வாடிக்கையாளருக்கு ஏற்ற புட்டியையும் தம்மவருக்கு ஏற்ற மூட்டையையும் சேர்த்தே விற்றார்கள். இன்று தெற்காசியர் மிகுதியாக வாழும் வெம்பிளி, ஹாரோ, ஈஸ்ட் ஹாம் போன்ற லண்டன் பகுதிகளிலுள்ள பெரிய கிளைகளில் பத்துக் கிலோ ஆட்டா மூட்டையும், இரண்டு கிலோ துவரம்பருப்பும், வெல்லமும் பால், ரொட்டி வாங்கும் அதே கடையில் கிடைக்கின்றன. நாட்டுப்புறச் சிற்றூர்க் கிளையில் மூட்டை இராது. அப்பளமும், கிளறினால் போதும் என்ற சாஸ் புட்டியும், சிறு பை பாஸ்மதியும் மட்டுமே இருக்கும். ஆகவே ‘பிரிட்டனில் கிடைக்கும்’ என்பதை எந்தக் கிளை என்று கேட்டுக்கொண்டே நம்ப வேண்டும். ஆனாலும், சுற்றிலும் வாழ்பவர் யார் என்று பார்த்துக் கிளைக்குக் கிளை சரக்கை மாற்றும் அந்தப் பழக்கம் பெரிய நன்மை. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன் அந்நாட்டவருக்கு வேலைச் சந்தையை உடனே திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் புளித்த முட்டைக்கோசும் தனி அடுக்கில் வந்து அமர்ந்தன.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர். துருக்கியோடு அது 1961இல் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆறு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் துருக்கியர் அந்நாட்டின் பெரும் சிறுபான்மையினராக வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் சாதாரண மலிவு விலைக் கடையில் அவர்களுடைய சமையலறை முழுமையாகக் கிடைப்பதில்லை. காரணம் வெறுப்பு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கடையின் கட்டமைப்பே முதற்காரணம் என்பது என் எண்ணம். ஆல்டி போன்ற கடை ஏறத்தாழ இரண்டாயிரத்துக்கு உட்பட்ட பொருள்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் பெருமளவில் வாங்கி, விலையைக் குறைத்து வாழ்கிறது. அத்தனை சிறிய பட்டியலில் எல்லாக் கிளைகளிலும் வேகமாக விற்காத பொருளுக்கு இடம் கிடையாது. அந்த இடத்தைத் தெருமுனைத் துருக்கியக் கடைகள் நிரப்பின. அவை நன்றாக நிரப்பியதாலேயே பெரிய கடைகளுக்கு அந்தத் தேவை கண்ணில் படவில்லை. எடேக்கா என்ற தொடர் மட்டும் சற்றே வேறுபட்டது. அது தனி வணிகர்களின் கூட்டுறவு என்பதால் உரிமையாளரே தம் பகுதிக்கு வேண்டியதை ஓரளவு சேர்த்துக்கொள்ள முடிகிறது.

மலிவு விலைக் கடைகள் இதற்குக் கண்ட மாற்றுவழி ‘வாரங்கள்’. ஆசிய வாரம், கிரேக்க வாரம், அமெரிக்க வாரம் என்று பெயரிட்டு, லிடில் தன் ‘விட்டாசியா’ முத்திரையில் நூடுல்ஸும் தேங்காய்ப்பாலும் கறிக்கூழும் அடுக்கிவைக்கும்; சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்படியோர் ஆசிய வாரத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் நல்ல அரிசி நூடுல்ஸைக் கண்டு இரண்டு பொட்டலம் மட்டும் வாங்கிவந்தேன். அடுத்த வாரம் போனபோது அதே தட்டில் ஆலிவும் உப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தன. நூடுல்ஸ் மீண்டும் எப்போது வரும் என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. திருவிழாக் கடையில் வாங்குவதுபோல அன்றாடச் சமையலுக்கு வாங்க முடியாது. இந்த ஏற்பாடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைக் ‘கிடைக்கிறது’ என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

நார்வேதான் என் முடிவுக்கு மிகத் தெளிவான சான்று. மூன்று குழுமங்களே அந்நாட்டு மளிகைச் சந்தையை ஏறத்தாழ முழுவதும் கையில் வைத்திருக்கின்றன. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே மிகச் சிலர். ஆனால் எந்தச் சிறிய ஊர்க் கடைக்குள் போனாலும், மொறுமொறுப்பான டாக்கோ ஓடுகள், மென்மையான தோர்த்தியா, மசாலாப் பொட்டலம், சல்சா புட்டி என்று ஒரு நீண்ட அடுக்கு இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை டாக்கோ உண்பது நார்வேக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. மேசை நடுவே வதக்கிய கொத்துக்கறி, சுற்றிலும் சிறு கிண்ணங்களில் சதுரமாக நறுக்கிய வெள்ளரிக்காய், டின்னில் வந்த மக்காச்சோளம், துருவிய பாலாடைக்கட்டி, புளித்த பாலேடு. குழந்தைகள் தாங்களே எடுத்து நிரப்பிக்கொள்வார்கள். இது மெக்சிகோ உணவே அன்று. அமெரிக்கா வழியாக வந்து நார்வேக்காரரின் உணவாகிவிட்டது. அதே நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் இலங்கைத் தமிழர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இன்றும் தமிழர் வாழும் நாடு அது. அவர்களுடைய புளிக்கும் பருப்புக்கும் அப்படியோர் அடுக்கு சாதாரணக் கடையில் உருவாகவில்லை. அதற்கு ஆஸ்லோவின் குரோன்லாந்துப் பகுதி வணிகர்களைத்தான் தேட வேண்டும். அயல்நாட்டுப் பொருள் அடுக்கேறுவதற்கு உள்நாட்டு வேளாண்மைக்கான காப்பும் தடையாகச் சேர்ந்துகொள்கிறது: 2013 முதல் இறக்குமதியாகும் கடினப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 277 விழுக்காடு வரி.

ஜப்பானில் கறி இல்லாத கடையே இல்லை. ஆனால் அந்தக் கறியைக் கொண்டு நாம் சமைப்பது எதையும் சமைக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி காலத்தில் பிரிட்டிஷார் வழியாக வந்த கறியை ஜப்பானியர் முற்றிலும் தமதாக்கிக்கொண்டார்கள். எஸ் அண்ட் பி நிறுவனம் 1923இல் உள்நாட்டிலேயே கறித்தூள் செய்தது. ஆப்பிளும் தேனும் சேர்த்த ‘வெர்மான்ட் கறி’ 1963இல் வந்தது. சாக்லேட் கட்டிபோல வரி போட்ட பழுப்புக் கட்டியை ஒடித்துக் கொதிக்கும் காய்கறிக் குழம்பில் கரைக்க வேண்டியதுதான். இனிப்பு, நடுத்தரம், காரம் என்று அளவு குறித்த இந்தப் பெட்டிகள் ஒரு பக்கத்தை முழுவதும் அடைத்திருக்கும். அருகே பயறோ பருப்போ நீளரிசியோ பெரும்பாலும் இராது. அரிசிக்குக் காரணம் சுங்கமும்தான்: ஒதுக்கீட்டைத் தாண்டி வரும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் வரி. 2025இல் உள்நாட்டு அரிசி விலை ஏறியபோதுதான் கலிஃபோர்னியாவின் கால்ரோஸ் அரிசி சாதாரணக் கடைகளில் பரவலாகக் கண்ணில் பட்டது. அதுவும் ஜப்பானியச் சோற்றுக்கு நெருங்கிய வகை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுக்கைப் பற்றிப் பேசும்போது பிரான்சை ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. அங்கே வட ஆப்பிரிக்கக் கூஸ்கூஸ், அரிசிக்கும் பாஸ்தாவுக்கும் பக்கத்தில், எந்த ‘உலக’ப் பலகையும் இல்லாமல் இருக்கிறது. ஓர் உணவு வீட்டு உணவாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

உலர்ந்த சரக்கில் முதலிடம் பெற்ற பிரிட்டன், பசுமையான பொருள்களில் அப்படி விளங்கவில்லை. அங்காடியில் மாம்பழம் ஆண்டு முழுவதும் உண்டு. அதிகம் காண்பது ‘டாமி அட்கின்ஸ்’ போன்ற வகைகள்: ஃபுளோரிடாவில் தோன்றியது, தோல் தடித்தது, சிவப்பாகப் பளிச்சென்று இருப்பது, நெடுந்தூரக் கப்பல் பயணத்தைத் தாங்குவது. வெட்டினால் நார், மணம் மெல்லியது. ஏப்ரல் முதல் சில வாரங்கள் மட்டும் வரும், பெட்டிக்குள் நாளுக்கு நாள் கனிந்துகொண்டே போகும் அல்போன்சாவை, ஒரே அளவும் நிரந்தர வரத்தும் வேண்டும் பெரிய கடையின் கொள்முதல் முறை தாங்காது. பழ ஈக்கள் காணப்பட்டதால் 2014 மே மாதம், பிரிட்டனும் அப்போது உறுப்பினராக இருந்த ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு ஆகியவற்றையும் தடுத்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. அந்தக் கோடையில் அடிபட்டவை வெம்பிளி ஈலிங் சாலையிலும் டூட்டிங்கிலும் உள்ள சிறு கடைகள். பெரிய அங்காடிகளின் மாம்பழத் தட்டு அப்போதும் நிறைந்தே இருந்தது.