கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்: கிட்டார் ரெக்கார்டிங்கில் தாமதத்துக்கு எந்த வழி தேறும்?

எலெக்ட்ரிக் கிட்டாரை இண்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) செருகி, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஓர் ஆம்ப் ப்ளகினை (ஆம்ப் சத்தத்தை உருவாக்கும் துணை சாஃப்ட்வேர்) போட்டு முதல் முறை மீட்டியபோது, என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிரம் ஓரிடத்தில் விழ, நான் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தேன். தாளம்தான் போய்விட்டதோ என்று ஒரு வாரம் மெட்ரோனோமோடு உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் சத்தத் துண்டு, 1024 சாம்பிளில் இருந்தது. தாமதம் அங்கிருந்துதான்.

48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், 1024 சாம்பிள் என்பது 21.3 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று மொத்தம் 43-ஐ நெருங்குகிறது. 128-க்கு இறக்கினால் இரண்டு வழிக்கும் சேர்த்து 5.3. அதற்கு மேல் கன்வர்ட்டரும் யுஎஸ்பி டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் சத்தம் காதுக்கு வர 9 மில்லிசெகண்ட் பிடிக்கத்தான் செய்கிறது. மேடையில் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அதனால் மொத்தம் 10-க்குள் அடங்கினால் எனக்குப் போதும். 15-ஐத் தாண்டினால் வேகமான ரிதத்தில் கை தடுமாறுகிறது.

முதல் வழி, பஃபரைக் குறைத்து ப்ளகின் வழியாகவே கேட்டுக்கொண்டு வாசிப்பது. காசு செலவில்லை. விண்டோஸில் இண்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏசியோ (தாமதம் குறைந்த ஆடியோ) டிரைவரைத்தான் போட வேண்டும். ஏசியோ4ஆல் சொந்த டிரைவர் இல்லாத சவுண்டு கார்டுகளுக்கான ஒட்டுப்போடும் வேலை. சொந்த டிரைவர் இருக்கும்போது அது எதற்கு? மேக்கில் ஆப்பிளின் சொந்த ஆடியோ அமைப்பான கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பஃபர் 128 என்றால் ஒவ்வொரு 2.7 மில்லிசெகண்டுக்குள்ளும் கம்ப்யூட்டர் அந்தத் துண்டுக்கான எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் பொட்பொட்டென்று சத்தம் வெடிக்கும். இருபது ட்ராக், ஒவ்வொன்றிலும் நாலு ப்ளகின் என்று மிக்ஸை வளர்த்துவிட்டு, அப்புறம் ஒரு சோலோ சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். நான் செய்வது இது: இருக்கிற பாட்டை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக எடுத்து, புது ப்ராஜெக்டில் அதையும் ஆம்ப் ப்ளகினையும் மட்டும் வைத்து வாசித்து, ட்ராக்கைப் பழைய ப்ராஜெக்டுக்குக் கொண்டுபோவது. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அதே 128-க்கு நேரம் பாதியாகும், உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெடிப்பு வருகிறவருக்கு அது மருந்தில்லை.

பஃபரை 64-க்கு இறக்கியும் இழுக்கிறதா? அப்போது பழி ப்ளகின்மேல். லுக்-அஹெட் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்றவை சத்தத்தை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை. அந்த முன்பார்வைக்கு விலை தாமதம். ப்ளேபேக்கில் சாஃப்ட்வேர் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு நிறுத்திவைத்துச் சமன்செய்துவிடும். இந்த நொடி மீட்டுகிற கிட்டாரை அது எப்படி முன்னே இழுக்கும்? பெரும்பாலும் குற்றவாளி, எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில் ஒளிந்திருக்கும். ரீப்பரின் எஃப்எக்ஸ் விண்டோவின் அடியில் ஒவ்வொரு ப்ளகினும் எத்தனை சாம்பிள் தின்கிறது என்று எழுதியிருக்கும். மற்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களான லாஜிக்கில் லோ லேட்டன்சி மோடு, க்யூபேஸில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன் என்று இவற்றைத் தற்காலிகமாக ஓரங்கட்ட வசதி உண்டு. ஆம்ப் ப்ளகினிலேயே ஓவர்சாம்ப்ளிங்கை (தரத்துக்காக உள்ளே அதிக சாம்பிளில் கணக்குப்போடுவது) வாசிக்கும்போது குறைத்துவிட்டு, மிக்ஸில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, டைரக்ட் மானிட்டரிங். சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் இண்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வரும். தாமதம் இல்லையென்றே சொல்லலாம். வருவது வெறும் கிட்டார் சத்தம். டிஸ்டார்ஷன் இல்லாமல் கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக மீட்டும் க்ளீன் ஆர்பெஜியோவுக்குச் சரி. டிஸ்டார்ஷன் கனமான ஹை கெயினுக்கு எனக்கு ஒத்துவரவில்லை. டிஸ்டார்ஷனில் நோட்டு தானாக நீளும், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும் பாம் மியூட் நெஞ்சில் இடிக்கும்; அது காதில் விழாதபோது கை தேவைக்கு மேல் அழுத்தி அடிக்கிறது. பிற்பாடு ப்ளகின் போட்டுக் கேட்டால் தேவையில்லாத தந்திச் சத்தமெல்லாம் மேலே வந்து நிற்கும். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்க வைக்கும் சாஃப்ட்வேர் மானிட்டரிங்கை அணைக்க மறந்தால் ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை கேட்கும்.

யுனிவர்சல் ஆடியோ அப்பல்லோ போல, உள்ளேயே டிஎஸ்பி (சத்தத்தைக் கையாளும்) சில்லு வைத்த இண்டர்ஃபேஸ்கள் மூன்றாவது. ப்ளகின் பெட்டிக்குள்ளேயே ஓடுவதால் பஃபர் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அவர்கள் சில்லுக்கென்று எழுதிய ப்ளகின்தான் ஓடும், விலையும் அதிகம். பாடகர், டிரம் என்று எல்லாவற்றையும் பதிவுசெய்கிற ஸ்டூடியோவுக்கு நியாயம். கிட்டாருக்கு மட்டும் வாங்குவது எனக்கு ஆடம்பரமாகப் படுகிறது.

நான் போய்ச் சேர்ந்த இடம் நான்காவது: லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் வகையிலான கிட்டார் ப்ராசஸர். ஆம்ப் சத்தம் அதற்குள்ளேயே உருவாகி நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். யுஎஸ்பி கேபிள் ஒன்று போட்டால் அதுவே இண்டர்ஃபேஸ். டிஸ்டார்ஷனோடு ஒரு ட்ராக், வெறும் கிட்டார் ஒரு ட்ராக் என்று ஒரே நேரத்தில் இரண்டையும் பதிவுசெய்கிறேன். பஃபர் 1024-லேயே கிடக்கட்டும். மிக்ஸ் செய்யும்போது வெறும் ட்ராக்கில் பிடித்த ப்ளகினைப் போட்டுக்கொள்ளலாம். விலை குறைந்த ப்ராசஸர்கள் சிலவற்றில் யுஎஸ்பி வழியாக எஃபெக்ட் போட்ட சத்தம் மட்டுமே போகும், வாங்குமுன் கேட்டுவிடுங்கள். ஒரு தொல்லையும் உண்டு: வாசிக்கும்போது கேட்ட டோனில் காது ஊறிப்போய், அப்புறம் எந்த ப்ளகினைப் போட்டாலும் பாதி நாள் திருப்தி வராது.

வீட்டில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை இரண்டு இடத்துக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) போதும். அதன் த்ரூ வழியாக ஆம்புக்கு ஒன்று, மற்ற அவுட்புட் வழியாக இண்டர்ஃபேஸுக்கு ஒன்று. ஆம்பைக் கேட்டு வாசியுங்கள், வெறும் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள்.

எதற்கும் செலவு செய்யுமுன் அளந்து பாருங்கள். இண்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, ஒரு க்ளிக்கை ஓடவிட்டுப் பதிவுசெய்தால், இரண்டு க்ளிக்குக்கும் உள்ள இடைவெளி ட்ராக்கில் கண்ணுக்கே தெரியும். டிரைவர் சொல்லும் தாமதத்தைக் கழித்துத்தான் சாஃப்ட்வேர் பதிவை வைக்கும்; அப்படியும் பதிவான க்ளிக் தள்ளி நின்றால், டிரைவர் சொன்ன கணக்கில் அந்த அளவு பிசகு இருக்கிறது. அதை ரெக்கார்டிங் ஆஃப்செட் என்ற செட்டிங்கில் போட்டுவிடலாம். காதில் இருப்பது ப்ளூடூத் இயர்ஃபோன் என்றால் இந்த அளவெல்லாம் வீண், அது மட்டுமே பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும்.

128-ல் வெடிக்காமல் ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்தால் முதல் வழியோடு நின்றுகொள்ளுங்கள். நானும் ஒரு விஷயத்துக்கு இன்னும் அங்கேதான் போகிறேன்: பாட்டின் டெம்போவோடு ஒட்டி ஓடுகிற டிலே (எதிரொலி) எஃபெக்ட் வேண்டும்போது. எதிரொலி எங்கே விழுகிறது என்று கேட்டால்தான் அடுத்த நோட்டை எங்கே வைப்பது என்று தெரிகிறது.