தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு எது: கைத்துணியா, ஸ்பின் மாப்பா, ஃபிளாட் மாப்பா?

ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குழந்தையின் கை பாதி நேரம் தரையில் இருக்கும், மீதி நேரம் வாயில் இருக்கும். அதனால் மாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த லிக்விட் கிருமியை நன்றாகக் கொல்லும் என்பதைத்தான். கேட்க வேண்டியவை வேறு. அழுக்குத் தண்ணீரைத் திரும்பவும் தரையில் பூசாமல் துடைப்பது எது? தரையைச் சீக்கிரம் காயவிடுவது எது? பருப்பு சாதம் சிந்திய அடுத்த நிமிடமே கையில் எடுக்க முடிவது எது? மூன்றும் ஒரே பொருளில் அமைவதில்லை. தினசரித் துடைப்புக்கு ஒன்று, அவ்வப்போது சிந்துவதற்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளும் வீடுதான் சமாளிக்கிறது.

எதை வாங்கினாலும் ஈரம் படுவதற்கு முன் பெருக்கியாக வேண்டும். பெருக்காமல் துடைத்தால் தூசி சேறாகி டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும். புதுப் பூந்துடைப்பம் சில வாரங்களுக்குப் பொடிப்பொடியாக உதிரும். தவழும் பிள்ளை இருந்தால் வாங்கியவுடன் மொட்டை மாடியிலோ வாசலிலோ நன்றாகத் தட்டி, சீப்பால் வாரி உதிர்த்துவிட்டு உள்ளே கொண்டுவருவது நல்லது. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டக் கூடாது என்ற பழக்கம் உள்ள வீடுகளில் ராத்திரிச் சோற்றுப் பருக்கை காலை வரை மூலையில் கிடக்கும். எறும்புக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டாம். மூடி போட்ட கூடையில் அள்ளிப் போட்டால் சாத்திரமும் மீறாது, எறும்பும் வராது.

கைத்துணி

பழைய வேட்டி, டவல், பனியன் துணி. செலவே இல்லை. கண்ணும் கையும் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் கட்டில் காலடியில் ஒட்டிய பிஸ்கட் துணுக்கு, கதவு மூலையில் கிடக்கும் ஊக்கு, சட்டையிலிருந்து விழுந்த பட்டன் எல்லாம் தட்டுப்படும். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னப் பொருளை இவ்வளவு நம்பகமாகக் கண்டுபிடிக்க வேறு எதனாலும் முடியாது. காய்ந்து ஒட்டிய ராகிக் கூழைச் சுரண்ட வேண்டிய அழுத்தமும் கைக்குத்தான் உண்டு.

குறை இரண்டு. முதலாவது உடம்பு. சிசேரியன் ஆன முதல் மாதங்களில் குந்தித் துடைப்பது வேண்டவே வேண்டாம். முழங்கால் வலியுள்ள பாட்டிகளுக்கும் இது ஆகாது. இரண்டாவது ஈரம். கையால் எவ்வளவு முறுக்கினாலும் பருத்தித் துணியில் தண்ணீர் தங்கும். தரை காய நேரமாகும், நடை பழகும் குழந்தை வழுக்கி விழும். துணியை இரண்டு முறை மடித்து ஒவ்வொரு முகமாகத் திருப்பித் துடைத்தால் எட்டு சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். எட்டும் முடிந்த பிறகு அலசினால் போதும். ஒரே பக்கத்தால் ஹால் முழுக்க இழுத்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வெள்ளைத் துணியாக இருந்தால் எப்போது திருப்ப வேண்டும் என்று துணியே காட்டிவிடும்.

ஸ்பின் மாப்

சுழற்றிப் பிழிவதால் தண்ணீர் நன்றாக வெளியேறுகிறது. இதன் பெரிய பலம் அதுதான். தடியை நாலைந்து முறை அழுத்திச் சுழற்றினால் ஈரப்பதம் மட்டும் மிஞ்சும், பத்து முறை அழுத்தினால் மாப் கிட்டத்தட்ட காய்ந்துவிடும். ஃபேன் போட்டால் தரை சில நிமிடத்தில் உலரும். குழந்தை தூங்கும் இருபது நிமிடத்துக்குள் ஹாலை முடித்துவிடலாம்.

ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலான மாடல்களில் அலசும் தண்ணீரும் பிழிந்து விழும் தண்ணீரும் ஒரே பக்கெட்டில்தான். முதல் அறை முடியும்போதே தண்ணீர் சாம்பல் நிறமாகியிருக்கும். அதே தண்ணீரில் முக்கி மூன்றாவது அறையைத் துடைத்தால், காய்ந்த பிறகு வெயில் விழும் இடத்தில் வட்ட வட்டமாகத் திட்டுத் தெரியும். இரண்டு அறைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். குழந்தை தவழும் அறையை முதலிலும் சமையலறையைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வட்டத் தலை என்பதால் மூலை விட்டுப்போகும், அங்கே கைத்துணிதான்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. தடியின் பூட்டைத் திறக்காமல் அழுத்திச் சுழற்றினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் திருகு தேய்ந்து, பிறகு அழுத்தினாலும் சுழலாது. பிழியும் கூடை ஸ்டீலாக இருந்தால் உழைக்கும், பிளாஸ்டிக் கூடை விளிம்பில் விரிசல் விடும். ரீஃபிலை, அதாவது கழற்றி மாற்றும் இழைத் தலையை, துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கி போடக் கூடாது, மைக்ரோஃபைபர் இழைகளில் அது படிந்துவிட்டால் அழுக்கையும் தண்ணீரையும் பிடிக்கும் குணம் போய்விடும். இழைகள் சடையாகத் திரண்டுவிட்டால் புது ரீஃபில் மாற்றுவதே வழி.

ஃபிளாட் மாப்

தட்டையான தலை சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் போகும். குழந்தை பந்தைத் தேடி நுழையும் இடங்களும் அவைதான். கூடவே வரும் ஒடுக்கமான இரட்டை அறை பக்கெட்டில் ஒரு பக்கம் அலச, ஒரு பக்கம் பிழிய. கேட்க நன்றாக இருந்தாலும் அதில் பிடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், சீக்கிரம் கலங்கும். பிழியும் இடுக்கில் தலைமுடியும் சோற்றுப் பருக்கையும் சிக்கி, அடுத்த முறை இழுக்கும்போது தரையில் கோடு போடும்.

அந்த பக்கெட்டை ஓரங்கட்டிவிட்டால் மூன்றிலும் சிறந்தது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. வெல்க்ரோவில் ஒட்டும் பேடுகளாக நான்கு வாங்கிக்கொள்ள வேண்டும். துடைக்கும் முன் நான்கையும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, அறைக்கு ஒரு பேடு. அழுக்குப் பேடு மறுபடி தண்ணீருக்குள் போவதே இல்லை. கடைசியில் நான்கையும் துவைத்து வெயிலில் போட்டால் வேலை முடிந்தது. முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் ஒரே சுத்தம் கிடைப்பது இந்த முறையில் மட்டும்தான். வெல்க்ரோவில் முடி அடைத்துக்கொண்டால் பிடிப்பு விட்டுப்போகும், பழைய டூத் பிரஷால் வாரினால் சரியாகும்.

பழைய நூல் மாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிழிபடாது, காயாது, நாறும். வராந்தாவுக்கு வைத்துக்கொள்ளலாம். தானாக ஓடித் துடைக்கும் ரோபோ வாங்கும் யோசனை இருந்தால் ஒன்று: அது ஓட வேண்டுமானால் தரையில் கிடக்கும் பொம்மை, சாக்ஸ், சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் முதலில் ஒருவர் பொறுக்கியாக வேண்டும். நிலைப்படி உயரமாக உள்ள வீடுகளில் அறை விட்டு அறை போகாது. டயபர் இல்லாத குழந்தை தரையில் மலம் கழித்திருந்தால் அதை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீரில் என்ன கலப்பது

சாதாரண நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். கூடுதலாக விட்டால் நுரை தங்கி வழுக்கும், காய்ந்தபின் காலில் பிசுபிசுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பார் சோப்பைக் கரைக்கக் கூடாது, திரிந்து வெள்ளைப் படலமாகத் தரையில் படியும். குழந்தை தவழும் இடத்தை வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிடலாம்.

லைசால் வகை லிக்விடில் வேலை செய்வது பென்சல்கோனியம் குளோரைடு. லேபிளைப் படித்தால் கிருமி சாக, தரை சில நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று தெரியும். பல தயாரிப்புகளில் 5 முதல் 10 நிமிடம். நன்றாகப் பிழிந்த மாப்பும் தலைக்கு மேல் ஃபேனும் இருக்கிற வீட்டில் அந்த ஈரம் இரண்டு நிமிடம்கூட நிற்காது. மிஞ்சுவது வாசனைதான். இதோடு சோப்புத் தண்ணீரைக் கலக்கிறவர்கள் உண்டு. அப்படிக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும். பருத்தித் துணியும் இந்த மருந்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும்.

கருப்பு ஃபினாயில் சாக்கடைக்கும் வெளிக் கழிவறைக்கும் உரியது, குழந்தை தவழும் தரைக்கு வேண்டாம். வினிகர், எலுமிச்சை இரண்டும் வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸுக்குப் பரவாயில்லை. மார்பிள், மொசைக், கடப்பா கல், ஆத்தங்குடிக் கல் போன்றவற்றில் சுண்ணாம்போ சிமென்டோ இருப்பதால் அமிலம் பட்ட இடம் அரித்துப் பளபளப்பு போகும். ஒருமுறை போனால் பாலிஷ் போடாமல் திரும்பாது.

சிந்தும் மூன்று

தரையில் மூத்திரம் போனால் முதலில் மாப்பைத் தொடக் கூடாது. தொட்டால் பக்கெட் முழுக்க அதுதான். உலர்ந்த துணியை மேலே போட்டு உறிஞ்சவிட்டு எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர்த் துணி, கடைசியில் வெறும் தண்ணீர்த் துணி. டைல்ஸ் இடுக்குகளைப் பழைய பிரஷால் ஒரு தேய். வாடை போகாமல் நிற்பது அங்கேதான். மூத்திரத்தின் மேல் நேரடியாக ப்ளீச் ஊற்றினால் கண்ணும் தொண்டையும் எரியும் வாயு கிளம்பும். ப்ளீச்சும் கழிவறை கழுவும் ஆசிட் லிக்விடும் சேர்ந்தால் வருவது குளோரின், அது இன்னும் மோசம்.

சாதம் சிந்தினால் இரண்டே வழி. ஈரமாக இருக்கும்போதே கையால் பொறுக்குவது, அல்லது முழுக்கக் காயவிட்டுப் பெருக்குவது. இடைப்பட்ட நேரத்தில் துடைப்பத்தால் இழுத்தால் பருக்கை நசுங்கித் தரையிலும் துடைப்பத்திலும் பசையாகும். பால், தயிர் சிந்தினால் முதலில் குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

வாந்தி பேதி வந்த நாளில் மட்டும் ப்ளீச்சுக்கு வேலை உண்டு. சிறு குழந்தைகளிடம் பரவும் நோரோ போன்ற வைரஸ்களுக்கு வாசனை லிக்விடை நம்பக் கூடாது. பேப்பரால் அள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு 4 சதவீத ப்ளீச் லிக்விட் 25 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கவிட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், துடைப்பவர் கையுறை போடட்டும், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். மார்பிளிலும் கருங்கல்லிலும் ஓரத்தில் சோதித்துவிட்டே ஊற்ற வேண்டும். கலந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் போய்விடும்.

வைக்கும் இடம்

மாப் பக்கெட்டில் மிஞ்சிய நாலு விரல் தண்ணீர் போதும், தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் எழ முடியாது. துடைத்து முடித்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும், ஃபோன் வந்தாலும் முதலில் அதுதான். எறும்புக்குத் தரையோரம் கிழிக்கும் சாக்பீஸில் இருப்பது பூச்சிமருந்து. தவழும் வயது முடியும் வரை அது வேண்டாம். பால் சிந்திய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே எறும்பு வழி தப்பிப்போகும். அந்துருண்டையும் கற்பூரமும் மிட்டாய் மாதிரி தெரியும், இரண்டும் விஷம்.

தெருவில் விற்கும் வெள்ளை ஃபினாயிலைப் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பார்க்கப் பால் மாதிரியும் இருக்கும், குழந்தைக்குத் தெரிந்த பாட்டிலிலும் இருக்கும். திருகு மூடி போட்ட அசல் டப்பாவில், லேபிளோடு, நிற்கும் பெரியவரின் தலை உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஃபினாயில் நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.