காரைக்குடிப் பலகாரம் பனிமலைக்குத் தாங்குமா?

பங்குனி, சித்திரையில் இமயமலைப் பக்கம் முதுகுப்பையோடு ஆறேழு நாள் நடக்கப் போகிறவர்களுக்கான மதிப்பீடு இது. எடுத்துக்கொண்ட பொருள், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஆர்டருக்குச் சுட்டுத் தரும் பலகாரங்கள்: மாவுருண்டை, மனோலம், அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை. கூடவே கும்மாய மாவும் புளிக்காய்ச்சலும். ருசி பற்றிச் செட்டிநாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில், ஈரத்தில், கையுறை போட்ட கையில் இவை என்ன ஆகின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்த கால்கள் மலைக்கும் தாங்கும். ஆனால் சாப்பாட்டுக் கணக்கு அடியோடு வேறு. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும்போது வழிநெடுக அன்னதானமும் மோரும் கிடைக்கும். மலையில் அவரவர் சோறு அவரவர் முதுகில்.

மார்ச், ஏப்ரலில் உத்தராகண்டின் கர்வால் மலைகளில் விடியும்போது வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். பதினொரு மணிக்கு மேகம் திரளும், இரண்டு மணிக்குள் ஆலங்கட்டியோ பனியோ கொட்டலாம். மேற்கிலிருந்து ஒரு காற்றுச் சலனம் வந்துவிட்டால் இரண்டு மூன்று நாள்கூட விடாது, கூடாரத்துக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்துச் சாங்க்ரி கிராமத்தில், சுமார் 1,950 மீட்டரில், பகல் 15 டிகிரி என்றால் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா உச்சியில் 3 டிகிரிதான் இருக்கும். காற்று அடித்தால் அதுவும் இல்லை. வெயில் ஏறினால் பனி இளகி முழங்கால் வரை புதையும் என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஆக, காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லை, மதியம் உட்கார இடமில்லை, சாயங்காலம் காற்று விட்டால்தான் வெந்நீர். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற தீனிதான் பையில் ஏற வேண்டும்.

முதலிடம் மாவுருண்டைக்கு. யோசனையே வேண்டாம். பாசிப்பருப்பு மாவு 100 கிராம், சர்க்கரை 100, நெய் 50 என்ற வழக்கமான அளவில் செய்ததற்கு 100 கிராமுக்குச் சுமார் 470 கலோரி வருகிறது. அடுப்பு வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் போதும், பருப்பும் நெய்யும் சேர்ந்திருப்பதால் பசியும் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும். ஆனால் கல்யாண வீட்டு மாவுருண்டையை அப்படியே தூக்கிப் போகக் கூடாது. எலுமிச்சை அளவு உருண்டை 35, 40 கிராம் இருக்கும். அதிகாலைக் குளிரில் நெய் உறைந்து அது கல்லாகிவிடும், பல் இறங்காது. கடித்தால் பாதி மாவு கையுறைக்குள் உதிரும். நெல்லிக்காய் அளவில், 15 கிராமுக்கு மேல் போகாமல் உருட்டித் தரச் சொல்லுங்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு வேண்டியதைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் சட்டையின் உள்பையில் வைத்தால் உடல் சூட்டில் பதமாக இளகி நிற்கும்.

நெய் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நெய் முப்பது டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். சென்னையிலிருந்து டெல்லி போகும் வண்டி ஏப்ரலில் நாக்பூர்ப் பக்கம் கடக்கும்போது சாதாரணப் பெட்டியில் நாற்பது டிகிரி வெக்கை சகஜம். அங்கே நெய் கசிந்து உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், மலை ஏறியதும் மொத்தமும் ஒரே கட்டியாக இறுகும். அதனால் நெய்யை 40 கிராமாகக் குறைத்து, உருண்டைகளை ஒரே அடுக்காகத் தட்டையான எவர்சில்வர் சம்படத்தில் வைத்துக் கொண்டுபோய், அடிவாரத்தில்தான் கவருக்கு மாற்ற வேண்டும். சர்க்கரை போட்டதையே வாங்குங்கள். வெல்லம் போட்ட உருண்டை மலை மூடுபனியில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். மாவு மையாக அரைத்துச் சலித்ததாக இருக்கட்டும். பருப்பு சரியாக வறுபடாமல் பச்சை வாடை அடித்தால் அந்த ஈடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உயரத்தில் சும்மாவே வயிறு உப்பும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்றத்தில் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே மாவுருண்டை தின்னக் கூடாது. காய்ந்த மாவு தொண்டைக்குள் போய்ப் புரையேறும். நின்று, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, உருண்டையை வாயில் போட்டு, அது கரையும் வரை பேசாமல் இருக்க வேண்டும். இரவில் நான்கு உருண்டையை உதிர்த்து 200 மில்லி வெந்நீரில் கரைத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அருமையான பருப்புக் கஞ்சி. களைத்துப்போய்ச் சாப்பாடே வேண்டாம் என்கிறவரும் இதைக் குடித்துவிடுவார்.

அடுத்தது மனோலம். பாசிப்பருப்பு மாவுப் பிழிசலை நொறுக்கி, வெல்லப் பாகில் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் புரட்டிய இந்தப் பலகாரம், நடந்துகொண்டே கொறிப்பதற்காகவே செய்தது போல இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தானியத்தையும் கொட்டைகளையும் பாகில் ஒட்டிக் கவர் போட்டு விற்கிற அதே சரக்குதான். இதன் தரம் முழுவதும் பாகின் பதத்தில் இருக்கிறது. தண்ணீரில் விட்டு எடுத்தால் உருட்ட வந்து, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும் கெட்டிப் பதம் வேண்டும். பதம் இளசாக இருந்தால் முதல் மூடுபனியிலேயே கவருக்குள் களியாகிவிடும். தேங்காய்ப் பல்லு இதன் பலவீனம், முதலில் சிக்கு வாடை அடிப்பது அதுதான். நன்றாகச் சிவக்க வறுத்துப் போடச் சொல்லலாம். பத்து நாளுக்கு மேல் பயணம் என்றால் தேங்காயை விட்டுவிட்டு வறுத்த நிலக்கடலையைக் கூட்டிப் போடச் சொல்வது நல்லது. 75 கிராம் வீதம் சின்னக் கவர்களாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு.

அதிரசத்தை விட்டுப் பிரிவது கஷ்டம்தான். ஆனால் குளிருக்கு அது ஆகாது. வெந்த அரிசி மாவு, உறைநிலைக்குக் கொஞ்சம் மேலான குளிரில்தான் மிக வேகமாக இறுகும். பழைய சோறு குளிர்பெட்டியில் விறைப்பது போல. வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் ஐந்து நிமிடம் வைத்தால் இளகும், ஆனால் அடுப்பு இருக்கிற வேளைக்குத்தானே அது சரிப்படும்? காற்றுப் புகாத கவரில் அடைத்தால் வெல்ல ஈரத்தில் பூஞ்சையும் பூக்கும். ரயிலுக்கும் முதல் இரண்டு நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சீப்புச் சீடை குளிரில் பல்லைப் பதம் பார்க்கும், வேண்டாம். தேன்குழல் இடத்தை அடைத்துக்கொள்ளும், நொறுங்கவும் செய்யும். நொறுங்கட்டும் என்றே 100 கிராம் எடுத்துப் போய் இரவு உப்புமாவில் தூவலாம், உப்புக்கு உப்பும் ஆச்சு.

அடுப்பு மூட்ட முடிகிற நாளுக்குக் கும்மாய மாவைப் போல வேறொன்று கிடைக்காது. உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மூன்றையும் சிவக்க வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். ஒருவருக்கு மாவு 60 கிராம், பொடித்த கருப்பட்டி 50, நெய் 20, தண்ணீர் 300 மில்லி. சுமார் 580 கலோரி. வெந்நீரில் மாவைக் கொட்டினால் மேல்மாவு மட்டும் வெந்து உள்ளே பச்சையாக உருண்டை கட்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் மாவையும் கருப்பட்டியையும் கரைத்து, பிறகு அடுப்பில் ஏற்றிக் கை விடாமல் கிளற வேண்டும். மலைக்கு எடுத்துப் போகும் மெல்லிய பாத்திரங்களில் அடி சீக்கிரம் பிடிக்கும். 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வீட்டில் வேகிற நேரத்தில் இங்கே வேகாது. பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, மூடி, கம்பளிக் குல்லாவுக்குள் பாத்திரத்தைப் பத்து நிமிடம் பொதிந்து வைத்தால் மீதி தானே வெந்துவிடும், எரிவாயுவும் மிச்சம். வாங்கும் கருப்பட்டியில் மண் இருந்தால் மலையில் வடிகட்ட வழியில்லை. வீட்டிலேயே கரைத்து வடிகட்டி, காய்ச்சி இறுக்கிப் பொடித்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு என்றதும் ஒன்று. கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் நீளமான ப்யூட்டேன் டப்பா உறைநிலையை நெருங்கினாலே சோர்ந்துவிடும், ப்யூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ப்ரொப்பேன் கலந்த, திருகிப் பொருத்தும் டப்பாதான் இந்தப் பருவத்துக்கு ஆகும். ரயிலிலும் விமானத்திலும் எந்த எரிவாயு டப்பாவையும் கொண்டுபோகக் கூடாது, ரிஷிகேஷிலோ டேராடூனிலோ வாங்கிக்கொள்ள வேண்டும்.

புளிக்காய்ச்சலை அவலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவல் ஏற்கெனவே பக்குவப்பட்டது, கொதிக்கவைக்கத் தேவையில்லை. கெட்டி அவல் 100 கிராமைக் கழுவிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து டப்பாவில் போட்டுக்கொண்டு நடந்தால், அடுத்த முறை உட்காரும்போது பூத்திருக்கும். 40 கிராம் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது, சுமார் 500 கலோரி. நல்லெண்ணெயில் சுண்டச் சுண்டக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நல்லெண்ணெய் மலைக் குளிரிலும் பிசையும்படி இருக்கும். எண்ணெய் மேலே மிதந்து நின்றால் காய்ச்சியது சரி. தண்ணீர்ப் பசை தெரிந்தால் வேண்டாம்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் கவர். காரைக்குடியில் காற்றோடு ஒட்டிய கவர் 3,700 மீட்டரில் பலூன் மாதிரி உப்பும், ஏனென்றால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒட்டு விட்டுப்போய் எண்ணெய் தூங்கும் பையில் இறங்கினால், அந்தப் பை இரவில் சூடு தராது. காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, இரண்டாவது கவரில் போட்டு, வாயை வீட்டிலேயே கொஞ்சம் கத்தரித்து மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். விறைத்த விரலால் கவர் கிழிக்க முடியாது.

ஒரு நாளைக்கு: மாவுருண்டை 75 கிராம், மனோலம் 150, அவலும் புளிக்காய்ச்சலும் 140, கும்மாயம் 130, இரவுக்கு வறுத்துத் தாளித்த ரவை 140, வறுத்த நிலக்கடலை 60. மொத்தம் 695 கிராம், 3,000 கலோரிக்குச் சற்று மேல். பதினைந்து கிலோ சுமக்கிற ஆளுக்கு இது குறைந்தபட்சம். ஆறு நாள் நடைக்கு ஏழரை நாள் சரக்கு வேண்டும். அந்த ஒன்றரை நாள் பங்கு முழுவதும் மாவுருண்டையும் மனோலமுமாக, அடுப்பே தேவைப்படாததாக, தனிக் கவரில் பையின் அடியில் இருக்கட்டும். வானிலை மூடிக்கொண்டால் மட்டும் அதைப் பிரிப்பது. நெய்யும் கருப்பட்டியும் மணக்கிற பையைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. கரடிகள் பனித்தூக்கம் கலைந்து பசியோடு திரிகிற பருவம் இது. தள்ளி ஒரு மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

வாங்கும் விதம். அலமாரியில் இருப்பதை எடுக்காமல், ரயில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் சுட்டுத் தரும்படி ஆர்டர் கொடுங்கள். எந்த எண்ணெய், புது எண்ணெயா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தது நாலாம் நாளே காறும். “ஆச்சி, மலைக்குக் கொண்டுபோறோம், உருண்டை நெல்லிக்காய் அளவு, நெய் கம்மி, மனோலத்துக்குப் பாகு கெட்டியா” என்று சொன்னாலே போதும், பலகாரம் சுட்டுப் பழகிய கைக்கு மீதி புரியும். முகூர்த்த நாள் நெருக்கமாக இருந்தால் பத்து நாள் முன்பே சொல்லி வையுங்கள், சீர்ப் பலகாரம் இறங்கிவிட்டால் மூன்று கிலோ ஆர்டரைப் பிறகுதான் பார்ப்பார்கள்.